கோயில்பிள்ளை கோஷாபாவின் தாகம்

எங்கள் கோயிலில் விளக்கும் தூபமும் பார்க்கிற கோயில்பிள்ளை கோஷாபா போகிற இடமெல்லாம் ஒரு தண்ணீர்க்குப்பியும் கூடவே போகும். கல்யாணமோ சாவோ, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு மடக்கு. அவருக்கு ‘வாய்க்கால்’ என்று பட்டப்பேர் வைத்தவன் நான்தான். ஊரில் பாதிப் பட்டப்பேர்கள் என் உபயம். எவன் வீட்டில் யாருக்கு யாரோடு சண்டை என்பதை, சண்டை முடிவதற்குள் நாலு வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவேன். ஆனால் கோஷாபா சங்கதி ஒன்றை மட்டும் பதினாலு வருஷம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன்.

எங்கள் கோயிலில், பீடத்துக்குப் பக்கத்துச் சுவர்மாடத்தில் மல்கா இருக்கும். பார்த்தால் வெறும் மாவும் உப்பும். ஆனால் அது ஆண்டவரின் கடைசிப் பந்தியில் எடுத்துவைத்த மாவு, சீடர்கள் கைமாறி எங்கள் மலைவரைக்கும் வந்தது என்பது எங்கள் நம்பிக்கை. தீரவிடமாட்டோம். வருஷாவருஷம் பெரிய வியாழனன்று பழையதோடு புது மாவும் உப்பும் எண்ணெயும் கலந்து பெருக்குவோம். நற்கருணை அப்பத்தில் அதில் ஒரு சிட்டிகை விழ வேண்டும். விழாவிட்டால் அது வெறும் ரொட்டி.

தொண்ணூற்றொன்றில் அரசாங்கப் பட்டாளம் எங்களை அழிக்க வருகிறதென்று ஊரே துருக்கி எல்லைமலைக்கு ஓடியது. அப்போதிருந்த கிழட்டுச் சாமியாருக்குக் கால் ஓயவும், மல்காவைத் துணிப்பையில் கட்டி கோஷாபா கழுத்தில் மாட்டினார். “உன் உசுரு போனாலும் இது போகக்கூடாதுடா” என்றார். மறுநாள் அவர் உயிர்தான் போனது.

நாலாம் நாள் யாரிடமும் தின்ன ஒன்றுமில்லை. வார்தா தன் கைக்குழந்தைக்குப் பனிக்கட்டியை வாயில் உருக்கிப் புகட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் பால் வற்றிவிட்டது. அப்போது கோஷாபா ஒரு பாறைக்குப் பின்னாலிருந்து வந்தார். தாடியில் வெள்ளை வெள்ளையாய் ஒட்டியிருந்தது.

“என்னண்ணே, பனி உங்க தாடிய மட்டும் தேடிவந்து பெஞ்சுதா?” என்றேன். வானம் துடைத்த மாதிரி இருந்தது.

அவர் தாடியைத் துடைத்துக்கொண்டார். குனிந்து பனியை அள்ளி அள்ளித் தின்றார். அதற்குப் பிறகு அந்தக் கேலியை நான் எடுக்கவேயில்லை. வார்தாவின் குழந்தை மலையிலேயே தங்கிவிட்டது.

எல்லையில் அகதிக் கேம்பில் கிடந்துவிட்டு ஊர் திரும்பியதும் கோஷாபா பையை மாடத்தில் வைத்தார். பை நிறைய இருந்தது. ஜனம் பையை முத்தமிட்டு அழுதது. புதிதாக வந்த ஓதீஷோ சாமிக்கு என்ன தெரியும்? அவரும் அழுதார்.

அதிலிருந்து கோஷாபாவைப் போல் கறாரான கோயில்பிள்ளை கிடையாது. ஒரு ஞாயிறு வார்தா கைதவறி ஒரு அப்பத் துணுக்கைக் கீழே போட்டுவிட்டாள்.

“ஏம்மா! இது கர்த்தரோட சரீரம்! உன் கோழிக்குப் போடுற நொய்யின்னு நெனச்சியா?” என்று சபை நடுவே கத்தினார். அவள் இரண்டு வருஷம் கோயில் பக்கமே வரவில்லை.

கோதுமையில் கல்மழை விழுந்தாலும், எவளுக்காவது கரு தங்காவிட்டாலும், “நம்மில ஒருத்தன் கை அசுத்தம், அதான்” என்று முதலில் சொல்கிறவர் அவர்தான். ஜனமும் ஆளாளுக்குப் பக்கத்துவீட்டானை முறைத்தது. அண்ணன் தம்பி பேச்சு நின்றது. இரண்டு குடும்பம் ஊரைவிட்டே போனது. அத்தனை வருஷத்தில் கோஷாபா ஒருநாளும் நற்கருணை எடுக்கவில்லை. அந்த நேரத்தில் மட்டும் தூபக்கால் அணைந்துபோகும், கரி ஊதப் போய்விடுவார். அடுத்தவன் வாயைப் பார்ப்பதே தொழிலாக உள்ளவன் நான். எனக்குத் தெரியாதா?

பதினாலாம் வருஷம் அக்கரை ஊரார் புதுக்கோயில் கட்டினார்கள். அவர்கள் மல்கா அதே தொண்ணூற்றொன்று ஓட்டத்தில் ஆற்றோடு போய்விட்டது. எங்களிடம் பங்கு கேட்டு வெள்ளிக்கிண்ணத்தோடு பத்துப்பேர் வந்தார்கள். கொண்டுபோக என் வண்டிதான். சாமி சாவியைக் கோஷாபாவிடம் நீட்டினார்.

“மலை தாண்டிச் சுமந்தவர் நீர்தான். உம்ம கையாலயே குடும்.”

கோஷாபா மாடத்தைத் திறந்தார். கிண்ணத்துக்கு மேலே பை நின்றது. கவிழவில்லை.

“வேணாம் சாமி. இத அந்த ஊருக்கும் அனுப்பாதீங்க.”

“என்ன பேசுறீர்?”

“இது மல்கா இல்ல. கேம்புல குடுத்த மாவு. நெசமானத நான் தின்னுட்டேன்.”

ஒரே நேரத்தில் எல்லோரும் கத்தினார்கள். “அப்போ எங்கப்பா சாகுறப்ப நாக்குல வெச்சது?” “எம் பொண்டாட்டிக்கு வெச்சது?” ஒவ்வொருவருக்கும் கோஷாபா அதையே சொன்னார்: “கேம்பு மாவு.”

வார்தா மட்டும் கத்தவில்லை. கிட்ட வந்தாள்.

“பாறைக்குப் பின்னாடியா தின்னீங்க?”

“ஆமாம்மா.”

“எம்புள்ள அழுதது கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள், ஏதோ விலாசம் சரிதானா என்று கேட்டுத் தெரிந்துகொண்டவள் மாதிரி.

“கூட வேற யாரு?” என்றார் சாமி.

கோஷாபா கூட்டத்தைப் பார்த்தார். என்மேல் கண் வந்தது, நிற்காமல் தாண்டிப் போனது.

“யாருமில்ல சாமி. தனியாத்தான் தின்னேன்.”

ஏழு ஞாயிறு பீடத்தின் திரை திறக்கவில்லை, பூசையில்லை. டுஹோக் பட்டணத்திலிருந்து மேற்றிராணியார், எங்கள் சாமிமாருக்கெல்லாம் பெரியவர், மெய்யான மல்கா கொண்டுவந்தார். அன்று கோஷாபாவும் வரிசையில் நின்றார். முன்னால் நின்ற வார்தா திரும்பி, “நீங்க போங்க அண்ணே. முழுங்குறத நான் பாக்கணும்” என்றாள். அவர் வாங்கினார், மென்றார். ரொம்ப நேரம் மென்றார். கடைசியில் விழுங்கினார். அவள் பார்த்தாள். அதன்பின் அவர் கையில் குப்பியை யாரும் பார்க்கவில்லை. போன மாரியில் செத்தும்போனார்.

அன்று எனக்கும் அப்பம் கொடுத்தார்கள். வழக்கம்போல வாங்கித் தின்றேன், பதினாலு வருஷமாய்த் தின்றது போலவே.

மலையில் என் கேலிக்குக் கோஷாபா தாடியைத் துடைத்துக்கொண்டார் என்றேன் அல்லவா? பதிலும் சொன்னார். பையில் கைவிட்டு ஒரு பிடி மாவை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். வார்தா இருபது அடியில் இருந்தாள். நான் பாறைக்குப் பின்னால் போனேன். உப்பு கரித்தது.

அவர் விட்டுப்போன அந்தக் குப்பி இப்போது என் வண்டியில் கிடக்கிறது, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு மடக்கு. நேற்று வார்தா அதைப் பார்த்துவிட்டு, “என்னண்ணே, வாய்க்கால் இப்ப உங்க பக்கம் திரும்பிடுச்சா?” என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன்.