கப்பலுக்குக் கட்டின குத்தம்

நெல்லிவாசல்நாட்டில், மலைமேல் எங்கள் ஊர். அப்போது ஊரில் கிணறு கிடையாது. பொம்பளைங்க ஓடைக்கு இறங்கி, குடத்தோடு மேட்டில் ஏற வேண்டும். அந்த வருசம் என் வூட்டுக்காரி முழுகாமல் இருந்தாள். வழியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் வந்து சேருவாள்.

கிணறு வெட்ட வந்தவன் ஒரு அமெரிக்காக்காரப் பையன். துரை என்று கூப்பிடுவோம். என் மாட்டுக்கொட்டாயைக் கூட்டி மெழுகி அதில் தங்கினான். என் வூட்டில் சாப்பாடு. தமிழ் கொஞ்சம் பேசுவான். எங்களோடு குழியில் இறங்கி மண் வாருவான்.

வேலைக்குக் கூலி கோதுமையும் எண்ணெயும். அவன் நாட்டிலிருந்து வந்தது. எண்ணெய் டின் மேல் ரெண்டு கை கோத்த படம் இருக்கும். எங்கள் ஊரில் கையடித்துக் கொடுத்தால் சத்தியம். அந்த நாடு நம்ம நாட்டுக்குச் சத்தியம் பண்ணியிருக்கிறது என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொண்டோம்.

கிணற்றில் பாறை வந்தது. வெடி வைக்க உத்தரவு வேண்டும். அதுக்கு ஆபீசுக்கு அலைந்தவன் அவன்தான். அந்த நேரம் பாகிஸ்தானோடு சண்டை. அமெரிக்கா நமக்கு எதிராகக் கப்பல் அனுப்பிவிட்டது என்று வாத்தியார் வூட்டு ரேடியோ சொன்னது.

ஊர்க்கவுண்டர் ஊரைக் கூட்டினார். சத்தியம் தப்பினவன் ஊருக்குக் குத்தம் கட்ட வேண்டும்; அபராதம் மாதிரி, சேவலோ ஆடோ. அவன் வரவில்லை என்றால் பங்காளி கட்ட வேண்டும். கட்டாதவனோடு ஊர் பேசாது, தண்ணி கொடுக்காது. அவன் கிளம்ப வேண்டியதுதான். துரை கிளம்பினால் கிணறு பாறையோடு நிற்கும். எனக்கு அதுதான் கவலை.

கோயில் முன்னால் அவனை நிறுத்தினார்கள். டின்னை நடுவில் வைத்தார்கள்.

"இது யார் கை?" என்றார் கவுண்டர்.

"ஒண்ணு எங்க கை. ஒண்ணு உங்க கைங்க."

"கை குடுத்துட்டு கப்பல் அனுப்புனா இன்னா அர்த்தம்?"

"நான் அனுப்பலீங்க. என்னைக் கேக்கவும் இல்லீங்க."

"உன் பெரியப்பன் சித்தப்பன் அனுப்பியிருக்கான். நீ பங்காளியா இல்லியா?"

"ஆமாங்க" என்றான்.

எனக்கு மாமன் முறை ஆள் ஒருத்தர் பின்னாலிருந்து கேட்டார். "கப்பல் எம்மாம் பெருசு, துரை?"

"இந்த ஊரு பூரா ஏறி நிக்கலாம், மாமா."

"அப்ப சேவல் பத்தாது. ஆடு கேளுங்க, கவுண்டரே."

எல்லாரும் சிரித்தார்கள். கவுண்டர் சிரிக்கவில்லை. குத்தம் கட்டுகிறவன் பக்கத்தில் ஒரு பங்காளி நிற்க வேண்டும், இவனுக்கு யார் இருக்கா என்று கேட்டார்.

யாரும் அசையவில்லை. நான் போய் நின்றேன்.

"நீ எந்த வகையில பங்காளி?"

"என் வூட்டு அடுப்புல சோறு திங்கிறான். வேற வகை எனக்குத் தெரியாது."

கவுண்டர் எங்கள் ரெண்டு பேரையும் பார்த்தார். "ஒரு சேவல். வெத்தலை பாக்கு," என்றார்.

துரை ஒரு வெள்ளைச் சேவல் வளர்த்தான். அதோடு பேசிக்கொண்டே திரிவான். அதைத்தான் பிடித்து வந்து கொடுத்தான். ஊரே சாமைச் சோறும் கறியும் தின்றோம். அவன் சோறு மட்டும் தின்றான்.

குத்தம் கட்டிவிட்டால் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கக்கூடாது. யாரும் எடுக்கவில்லை. வெடிக்கு உத்தரவு வந்தது. பாறை உடைந்து தண்ணி வந்தபோது என் வூட்டுக்காரிக்கு மாசம் நெருங்கியிருந்தது. முதல் குடம் அவள்தான் எடுத்தாள். அப்புறம் அவன் ஊருக்குப் போய்விட்டான்.

ரொம்ப வருசம் கழித்து, ஜமுனாமரத்தூர் சந்தையில் டீக்கடை. கீழேயிருந்து புளி வாங்க வந்த வியாபாரி ஒருத்தர் பேப்பரை மடித்துக்கொண்டே சொன்னார்.

"அமெரிக்காக்காரனை நம்பக்கூடாது. அன்னிக்கு நம்ம மேல கப்பல் அனுப்புனவன்."

"அதுக்குக் குத்தம் கட்டியாச்சுங்க," என்றேன்.

"யாருய்யா கட்டினது?"

"நானும் அவனும்தான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் டீயைக் குடித்துவிட்டு மூட்டையை அவிழ்த்தேன். புளியைப் பார்க்கச் சொன்னேன்.