உப்புத்தாள் தேய்த்த எண்

உப்புத்தாள் என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் மாமியார் வாயிலிருந்துதான். என் நாத்தனாருக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "பையன் வண்டிக்கு பெயிண்ட் அடிக்கிறான். தங்கமான குணம். ஆனா கூட வேலை செய்யறவங்க உப்புத்தாள்னு கூப்பிடறாங்க."

"அப்போ நம்ம பொண்ணு தோலை உரிச்சிடுவாரா அத்தே?" என்று நான் கேட்க, கதவுக்குப் பின்னால் நின்ற கல்யாணப் பெண்ணே சிரித்துவிட்டாள்.

பெயருக்குக் காரணம் இருந்தது. பெயிண்ட் அடிக்குமுன் துருவை எடுக்க வேண்டும். மற்றவர்கள் பேருக்குத் தேய்த்துவிட்டு, பட்டியை அப்பி, மேலே பெயிண்டை அடித்து மூடிவிடுவார்கள். இவர் இரும்பு வெள்ளி மாதிரி மின்னுகிறவரை உப்புத்தாளைக் கீழே வைக்கமாட்டார். "மேல பூசி மறைக்கிறது எனக்கு ஆகாது" என்பார். கல்யாணம் முடிந்ததும் எனக்கு அண்ணன் முறை ஆனார். எங்கள் இரும்புக் கட்டில், தையல் மிஷின், ஜன்னல் கம்பி என்று அவர் கை படாத சாமான் எங்கள் வீட்டில் இல்லை.

அவர்களுக்கு ஒரே மகன். மெக்கானிக். காடு மேடெல்லாம் ஓடி ஓய்ந்த ஒரு பழைய ஜீப்பை ஒருநாள் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான்.

"இது வண்டியாடா, வண்டியோட எலும்பாடா?" என்றாள் என் நாத்தனார்.

"எலும்பு இருந்தா போதும்மா. சதையை நான் வச்சுக்கறேன்."

ஆர்.சி. புத்தகத்தை முறையாகத் தன் பெயருக்கு மாற்றினான். வேறு இன்ஜின் வைத்தான். இன்ஜினை மாற்றினால் அதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டுமாம். "கையில அனுமதி வந்ததும் முதல் சவாரி உங்களுக்குத்தான் அத்தே. மலை மேல ஏத்திட்டுப் போறேன்" என்றான். அதற்குள் காய்ச்சல் என்று படுத்தவன், எழுந்திருக்கவில்லை.

வெகுநாள் கழித்து ஒரு காலையில் அண்ணன் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்தார். "அவன் பாதியில விட்டதை நான் ரோட்டுல ஓட்டிக் காட்டணும்." அது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்த ஆசை. முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் துருவேறிப் பொருக்குத் தட்டியிருந்ததாம். மிஷினால் தேய்த்து, அதற்குமேல் உப்புத்தாளால் தேய்த்து, கறுப்பு பெயிண்ட் அடித்தார். முகம் பார்க்கலாம் போல இருந்தது.

வண்டியைத் தன் பெயருக்கு மாற்றவும் இன்ஜினுக்கு அனுமதி வாங்கவும் மனு கொடுத்துவிட்டு, ஜீப்பைக் கயிறு கட்டி ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு இழுத்துப்போனார்கள். நானும் நாத்தனாரும் கூடப் போனோம். இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷர். சேஸிஸில் பொறித்திருக்கும் எண்ணைப் பிரதி எடுக்க, தாளை வைத்து மேலே பென்சிலால் தேய்த்தார். தாள் சும்மா கறுத்தது. எழுத்து ஒன்றும் விழவில்லை.

"பெரியவரே, நம்பர் எங்கே?"

"புக்குல இருக்குங்களே."

"புக்குல இருக்கு. வண்டியில எங்கே?"

அண்ணன் குனிந்து விரலால் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

"அங்கதாங்க துரு ஜாஸ்தியா இருந்துச்சு" என்றார்.

மருந்து தடவினால் சில சமயம் பழைய அச்சு தெரியும் என்று இன்ஸ்பெக்டர் ஆள் வைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. "கொஞ்சம் சோம்பேறியா தேய்ச்சிருந்தீங்கன்னா தப்பிச்சிருக்கும்" என்றார், பாவம், வருத்தத்தோடுதான்.

எண்ணை மறுபடி பொறிக்க அனுமதி உண்டாம். அதைக் கேட்கக் கவுண்ட்டருக்குப் போனோம். உள்ளே இருந்த பெண் தலை நிமிராமல், "ஓனர் யாரு?" என்றாள்.

"என் மகன்" என்றார் அண்ணன்.

"அவரை நேர்ல வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

நாத்தனார் என் கையைப் பிடித்தாள். விஷயத்தை நான்தான் சொன்னேன். அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். ஆனாலும் சட்டம் சட்டம்தானே? ஓனர் கேட்டால்தான் எண்ணைப் பொறிக்கலாம். எண் இருந்தால்தான் அண்ணன் ஓனர் ஆகலாம். இன்ஸ்பெக்டர் மேலிடத்துக்கு எழுதிப் பார்த்தார். எண் இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்ட அனுமதிக்க முடியாது என்று பதில் வந்தது.

வாசலில் ஒரு புரோக்கர் ஒட்டிக்கொண்டான். "புக்குல இருக்கிற அதே நம்பரை நான் அடிச்சுத் தரேன் பெரியவரே. பொய்யா? நிஜ நம்பர்தானே?"

"அடிச்சிடலாங்க. அவன் வண்டிதானே, அவன் நம்பர்தானே?" என்று நாத்தனாரும் அழுதாள்.

அண்ணன் ஜீப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். "நம்பர் நிஜந்தான். ஆனா மேல பூசுன மாதிரி ஆயிடும். ஊரான் வண்டியிலயே பண்ணாததை என் புள்ள வண்டியில பண்ணுவேனா?" என்றார். மறுபடி கயிறு கட்டி வீட்டுக்கே இழுத்து வந்தார்கள்.

அதோடு அவர் உப்புத்தாளைத் தொடவில்லை. போன மழைக்குப் பிறகு, "அண்ணே, எங்க வீட்டு ஜன்னல் கம்பி துருப்பிடிச்சுக் கிடக்கு" என்று பேச்சுக்குச் சொன்னேன்.

"இருக்கட்டும்மா. அதுக்கு அடியில என்ன எழுதியிருக்கோ" என்றார்.

இப்போது அவரும் என் நாத்தனாரும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். ஜீப்பு பின்பக்கக் கொட்டகையில் நிற்கிறது. காலையில் அண்ணன் அதன் இன்ஜினை நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அணைத்துவிட்டு, உள்ளே வந்து காபி குடிக்கிறார்.