கேட்காமலே சேர்த்துவைக்கும் பிரவுசர்

புத்தூரில் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் பிரவுசிங் சென்டரில் இன்று டாக்டர் அப்பாயின்ட்மென்ட் போட உட்கார்ந்தேன்.

என் பெயரின் முதல் எழுத்தைத் தட்டியதும், காந்தி மார்க்கெட் சுந்தரம் என்பவரின் போன் நம்பர், வயது, மூலநோய் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"அவரைக் கேட்டுட்டுத்தான் இதெல்லாம் சேத்து வெச்சிருக்கீங்களா?" என்றேன் கடைக்காரரிடம்.

"நான் எங்க சார் சேத்தேன்? பிரவுசரே எடுத்து வெச்சுக்கும், யாரையும் கேக்காது. அடுத்த தடவை உங்களுக்கும் ஈஸியா இருக்கும்."

அந்தரங்கம் பற்றி அவருக்கு ஒரு பிரசங்கம் செய்தேன். ஃபார்மை அனுப்பிவிட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்து என் நாற்காலியில் உட்கார்ந்து தன் பெயரைத் தட்டிய ஒரு அம்மா, திரையைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"சார், உங்களுக்கும் சுகரா? வெந்தயம் ஊற வெச்சுக் குடிங்க."

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. பிரவுசர் முந்திக்கொள்வதற்குள் நானே சொல்லிவிடட்டுமா?