அகராதியில் அண்ணி அடித்த சொல்

என் அண்ணி பாலி மொழிக்குத் தமிழில் அகராதி எழுதியவர். இரண்டாயிரம் வருடத்துக்கு முன் இந்தியாவில் புழங்கிய மொழி அது. "அதுல யார்கிட்ட அண்ணி பேசப் போறீங்க?" என்று நான் கேட்காத நாளில்லை. "நீ பேசுறதையே யாரும் கேக்கிறதில்ல, போவியா!" என்பார். வாய் அப்படி.

என் அண்ணன் அச்சுக்கோப்பவர். ப்ரூஃபில் பிழை என்று அவரிடம் சண்டை போட வந்தவர்தான் அண்ணி; சண்டை முடிந்தபாடில்லை, கல்யாணம் முடிந்துவிட்டது. அகராதி முழுவதையும் அண்ணன்தான் கோத்தார். பாலியில் ஒரு வார்த்தைக்குக்கூட அவருக்குப் பொருள் தெரியாது. ஆனால் எந்தச் சொல் எந்தப் பக்கம் என்பது அத்துப்படி.

வயதான காலத்தில் அண்ணிக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது வாயில் தமிழும் இல்லை. ஏதோ உளறினார். மூளை கலங்கிவிட்டது, இனி முதியோர் இல்லம்தான் என்றார் டாக்டர். அவர்கள் மகன் இடமும் பார்த்துவிட்டான். நானும் தலையாட்டினேன்.

அண்ணன் மட்டும் மசியவில்லை. "உளறலா? எல்லாம் பாலிடா, நான் கோத்த சொல்லு!" என்று மகன்மேல் பாய்ந்தார். வீட்டுக்கு ஓடி அகராதியைத் தூக்கிவந்தார். அண்ணி திரும்பத் திரும்பச் சொன்ன சொல்லைத் தேடினார். 'போர்வை' என்று இருந்தது. போர்த்திவிட்டார். அண்ணி உதறினார். வேறொன்று போர்த்தினார். அதுவும் தரையில் விழுந்தது.

"பாத்தீங்களாப்பா, அம்மாவுக்கே என்ன வேணும்னு தெரியல," என்றான் மகன். இல்லத்துக்கு அனுப்பும் தாளில் கையெழுத்துப் போட டாக்டர் பேனாவைத் திறந்தார்.

அண்ணி பேனாவை வெடுக்கென்று பிடுங்கினார். அகராதியை இழுத்து, 'போர்வை'யை இடது கையால் கோணல்மாணலாக அடித்தார். பிறகு ஜன்னலைக் காட்டினார். திரை விலகி, வெயில் நேராக அவர் கண்ணில் விழுந்துகொண்டிருந்தது.

அண்ணன் திரையை இழுத்து மூடினார். "அடிப்பாவி! அந்தச் சொல்லுக்குத் திரைன்னு தெரிஞ்சும் என்னைப் போர்வைன்னு கோக்க விட்டியா?"

அண்ணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணன் விக்கி விக்கி அழுதார். டாக்டர் தாளைக் கிழித்துப் போட்டார்.

பேனா டாக்டரிடம் திரும்பி வரவில்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டு என்று அண்ணி கண்ணைக் காட்டினார். அதன்பிறகு வீட்டில் ஆறு வருடம் இருந்தார். தமிழ் கடைசிவரை வரவேயில்லை. இன்று தமிழில் பாலி படிப்பவர்கள் எல்லோரும் புரட்டுவது அந்த ஆறு வருடத்தில் அவர் திருத்தி, அண்ணன் மறுபடி கோத்த பதிப்பைத்தான். மூளை கலங்கிவிட்டது என்று நாங்கள் தலையாட்டிய பிறகு அவர் செய்த வேலை அது.