வெயில் படாத சந்தில் அண்ணன் வளர்த்த சேம்பு

அண்ணனின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவுகளுக்கும் நட்புகளுக்கும் தங்கையின் வணக்கம்.

எங்கள் அண்ணன் வ. புதுப்பட்டியில் பிறந்து, பட்டாளத்தில் பாதி ஆயுளைக் கழித்து, மடவார் வளாகத்தில் வீடு கட்டிக் குடியேறியவர். எல்லையில் நின்ற கதையைக் கேட்டால் இரண்டு வரியில் முடித்துவிடுவார். சேம்பைப் பற்றிக் கேட்டால் நம் தட்டில் சோறு ஆறிப்போகும்.

அவர் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே வெயில் எட்டிப் பார்க்காத ஒரு சந்து. அடுத்த வீட்டுக் குளியலறைத் தண்ணீர் எல்லாம் அங்கேதான் வந்து தேங்கும். அண்ணி சத்தம் போட்டார், அவர்களும் சத்தம் போட்டார்கள், பேச்சு நின்றது. நானாக இருந்தால் போலீசுக்கே போயிருப்பேன். அண்ணனோ செண்பகத்தோப்புப் பக்கம் தெரிந்தவர் தோப்பிலிருந்து சேம்பங்கிழங்கு வாங்கி வந்தார். மக்கிய சாணமும் சருகும் கொட்டி, தண்ணீர் நிற்காமல் ஊறும்படி மண்ணைத் திருத்தி, முழத்துக்கு ஒன்றாக ஊன்றினார். அடைமழை முடிவதற்குள் முறம் அகல இலைகள் விரிந்து தரையே தெரியவில்லை. நாற்றமும் கொசுவும் ஒழிந்தன.

அடுத்த வீட்டு அண்ணாச்சிக்கு வெட்கமோ வீம்போ, குழாய் பதித்துத் தண்ணீரைத் தெருச் சாக்கடைக்குத் திருப்பிவிட்டார். ஜெயித்துவிட்டதாக அண்ணி சிரித்தார். பங்குனி வறட்சியில் அந்தத் தண்ணீரும் இல்லாமல் சேம்பு தலை தொங்கியது. குடிக்கவே தண்ணீர் பற்றாத நேரம். அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு அந்த வீட்டு வாசலில் போய் நின்றார். அண்ணி தலையில் அடித்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, அந்தத் தண்ணிய பழையபடி இந்தப் பக்கமே விடுங்க.”

“என்ன மிலிட்டரி, வெளாடுதியளா? இம்புட்டு நாளும் அதுக்குத்தான சண்டை?”

“சண்டை வேற, சேம்பு வேற. வாடிக் கெடக்கு, வந்து பாருங்க.”

வந்து பார்த்த அண்ணாச்சி, வேட்டியை மடித்துக் கட்டித் தாமே குழாயைத் திருப்பிவிட்டார். சண்டைக்காரர் வாசலில் போய்க் கேட்கிற துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்! அதன்பின் புளி விட்டுக் கடைந்த சேம்பிலை சுவரைத் தாண்டிப் போகாத வாரமில்லை.

கடைசி மாதங்களில் மூச்சுத்திணறல் அண்ணனைப் படுத்தியது. ராஜபாளையத்தில் பார்த்த மருத்துவர், செவிலியர், கூடவே இருந்த பட்டாள நண்பர்கள், பந்தலில் நின்று உழைத்த உறவினர் அனைவருக்கும் எங்கள் நன்றி. அண்ணாச்சிக்கு மட்டும் நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் ஏசுவார்.

இறுதி நாளன்று, அண்ணனைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க அவர் மகன்கள் குடத்தோடு புறப்பட்டார்கள். அண்ணாச்சி வழியை மறித்தார்.

“ஏலே, எங்க போறிய? ஒங்க அப்பா என் வீட்டுத் தண்ணியக் கேட்டு வந்த மனுசன்லே,” என்று குடத்தைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனார். நிறைத்துத் தூக்கி வந்தபோது அவர் அழுத அழுகையை எங்கள் வீட்டில் யாரும் அழவில்லை.