களத்தின் ஓரத்தில் கூப்பிடாமல் நின்ற நாள்

ஒரு தாயின் வயிற்றில் எழும் பயம் சாமி தரும் எச்சரிக்கையா, அவளே உண்டாக்கிக்கொள்ளும் கலக்கமா? அதை எப்படிப் பிரித்தறிவது? இன்றுவரை இதற்கு எனக்கு விடை தெரியாது. ஆனால் விடை தெரியாதவளையும் பிள்ளையார் கைவிடவில்லை. அதைச் சொல்லவே, அன்பான அடியார்களே, இதை எழுதுகிறேன்.

நான் வடமராட்சியில் பிறந்து எஸ்.எஸ்.சி. வரை படித்தவள். கல்யாணமாகி முரசுமோட்டைக்கு வந்தேன். குடியேற்றத் திட்டத்தில் என் கணவருக்கும் அவருடைய தமையனுக்கும் பக்கத்துப் பக்கத்தில் வயற்காணி. தமையனை நான் அத்தான் என்பேன், அவர் மனைவியை அக்கா என்பேன். இரணைமடுத் தண்ணீர் வரும் வாய்க்காலின் கரையில், மருத மரத்தின் கீழே ஒரு பிள்ளையார் இருக்கிறார். அவருக்குக் கூரைகூட இல்லை. என் கதை முழுவதும் அவருக்குத் தெரியும்.

மகள் வசந்தா பிறந்த பிறகு பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. அவள் தும்மினால் பயம், தூங்கினாலும் பயம். மூக்கின் அருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். வயலில் நிற்கும் கணவருக்கு ஆள் அனுப்புவேன். அவர் சேற்றுக் காலுடன் ஓடி வருவார். பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கும்.

"தங்கச்சி, இந்தப் பிள்ளை கொட்டாவி விட்டாலும் நீ வண்டில் கட்டச் சொல்லுவாய்," என்று அக்கா பகிடி பண்ணுவா. எனக்குச் சிரிப்பு வராது.

முதல் வருடம் மாசியில் சூடு மிதித்தார்கள். அரிந்த நெற்கதிரைக் களத்தில் பரப்பி மாடுகளைச் சுற்றி நடக்கவிட்டு நெல்லைப் பிரிக்கும் வேலை அது. வன்னியில் அதற்குக் கட்டுப்பாடு உண்டு. மிதிப்பு நடக்கும்போது பெண்கள் களத்துக்குள் போவதில்லை. செருப்புடன் ஒருவரும் போவதில்லை. வேலை செய்பவரைப் பெயர் சொல்லி வெளியே அழைப்பதில்லை. போதும், இல்லை, முடிந்தது என்ற சொற்களை அங்கே யாரும் வாயில் எடுப்பதில்லை. நெல்லை அங்கே பொலி என்பார்கள். சொன்ன சொல் அதற்குக் கேட்கும் என்பது நம்பிக்கை.

அன்று வசந்தாவின் உடம்பு சுட்டது. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, செருப்புக் காலோடு, மாடுகள் சுற்றும் இடத்துக்குள்ளேயே ஓடிப்போய், "போதும், விட்டிட்டு வாங்கோ!" என்று கத்தினேன். எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பிறகு பார்த்தால் பல் முளைக்கும் காய்ச்சல். மறுநாளே இறங்கிவிட்டது.

அந்தப் போகம் விளைச்சல் குறைந்தது. அத்தான் என்னைத் திட்டவில்லை. முற்றத்தில் நின்று, எனக்குக் கேட்கும்படி தம்பியிடம் சொன்னார்: "படிச்ச பிள்ளையெல்லோ. களத்துக்கு வந்து போதும் எண்டுது. பொலி கேட்டிட்டுது."

அதன் பிறகு அவர் என்னோடு நேரே கதைக்கவில்லை. ஏதும் சொல்ல இருந்தால், பேச்சு வராத வசந்தாவைப் பார்த்து, "கொம்மாவிட்டைச் சொல்லு, மண்வெட்டி வேணுமாம்," என்பார். நானும் வசந்தாவைப் பார்த்தே, "பெரியப்பாவிட்டைச் சொல்லு, வீட்டுக் கோடிக்குள்ள இருக்காம்," என்பேன். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாக இருந்திருக்கும். எனக்கு நெஞ்சு வலித்தது.

அதைவிட வலித்தது கணவரின் சொல். ஒருநாள் நான் ஏதோ சொல்லத் தொடங்க, அவர் சோற்றுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "நீ சொல்லுறதில எது மெய், எது வெருட்டு எண்டு எனக்கு விளங்கேல்லையப்பா," என்றார். கோபமில்லை. களைப்பு. அன்றிலிருந்து நான் பயம் சொல்லும்போதெல்லாம் "ம்" என்பார். எழும்ப மாட்டார்.

வெள்ளிதோறும் பிள்ளையாரிடம் போய், அத்தானின் மனத்தை மாற்று, இவரின் மனத்தை இளக்கு என்று அழுதேன். மாதங்கள் போயின. ஒன்றும் மாறவில்லை. ஒரு வெள்ளி, என் முறைப்பாடு எல்லாம் சொல்லி முடித்தபின் மூச்சு வாங்கி நின்றபோது, நெஞ்சு இலேசாக இருப்பதை உணர்ந்தேன். இவ்வளவையும் கேட்டும் பிள்ளையார் களைக்கவில்லையே என்று தோன்றியது. வயலில் வெயிலில் நின்றுவிட்டு வரும் ஒரு மனிதனின் தலையில் இத்தனையையும் நாள்தோறும் இறக்கினேனே. அன்று ஒரு நேர்த்தி வைத்தேன். எந்தப் பயம் வந்தாலும் முதலில் உம்மிடம் சொல்வேன். நீர் வைத்துக்கொள்ளாமல் திருப்பித் தருவதை மட்டும் மற்றவரிடம் சொல்வேன்.

இலேசான காரியமல்ல. நாக்கைக் கடித்துக்கொண்டு குசினிக்குள், அடுப்பின் பக்கத்தில், சுவாமி படத்தின் முன்னால் நிற்பேன். அநேகமான பயங்களை அவர் வைத்துக்கொண்டார். வீட்டில் சத்தம் குறைந்தது. ஆனால் ஒருவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

மறு வருடமும் மாசி வந்தது. சூடு மிதிக்கத் தொடங்கிய நேரம் வசந்தாவுக்கு வயிற்றோட்டம். "பல்லு வயித்தோட்டம், மாறிவிடும்," என்று அக்கா சொன்னா. பிள்ளையாரிடம் சொன்னேன். பொறுத்தேன். கஞ்சித் தண்ணீரும் இளநீரும் பருக்கினேன். எல்லாவற்றையும் கக்கினாள். அடுத்த நாள் மத்தியானம் அவள் அழுதபோது கண்ணீர் வரவில்லை. விடியற்காலையிலிருந்து சிறுநீர் போய்த் துணி நனையவில்லை. பிறகு அழுகையும் நின்றது. கண் உள்ளே போய்விட்டது.

மீண்டும் படத்தின் முன்னால் நின்றேன். "இது என் பயம் என்றால் நீர் வைத்துக்கொள்ளும். இல்லையென்றால் என்னை நடத்தும்," என்றேன். அந்தப் பயம் என்னிடமே திரும்பி வந்தது. ஆனால் இம்முறை அதில் பதற்றம் இல்லை. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டேன். கால் தானாக நடந்தது. செருப்பு வாசலில் கிடந்தது.

களத்தின் ஓரத்துக்கு வந்து நின்றேன். உள்ளே போகவில்லை, கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வருவார்களா என்று தெரியவில்லை. கணவர் மாடுகளின் பின்னால் சுற்றி வந்தார். என்னைக் கண்டார், முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். பிள்ளையாரே, பிள்ளையாரே என்று மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

வைக்கோலைக் கிளறிக்கொண்டிருந்த அத்தான் நிமிர்ந்தார். என் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு என் முகத்தை. கைக்கம்பைப் போட்டுவிட்டு வெளியே வந்து, பிள்ளையின் கன்னத்தில் புறங்கையை வைத்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு என்னிடம் நேராகக் கேட்டார்.

"எப்ப பிள்ளை கடைசியா நனைச்சது?"

"விடிய, அத்தான்."

அவர் களத்தின் பக்கம் திரும்பினார். "போதும். மாட்டை அவிட்டு வண்டிலில பூட்டுங்கோ."

வேலையாட்கள் அசையவில்லை. ஒருவர் மெல்ல, "அண்ணை, பொலி கேக்கும்," என்றார்.

"கேக்கட்டும்," என்றார் அத்தான்.

சூடு மிதித்த மாடுகளே எங்களை இழுத்துச் சென்றன. வண்டிலில் கணவர் பிள்ளைக்கு வெயில் படாமல் குடையைப் பிடித்தபடி இருந்தார். வெகு தூரம் போனபின், "ஏன் என்னைக் கூப்பிடேல்லை?" என்றார்.

"வருவியளோ எண்டு தெரியேல்லை."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குடையைப் பிள்ளையின் பக்கம் இன்னும் சாய்த்துப் பிடித்தார்.

பரந்தன் சந்தியில் ஒரு லொறிக்காரர் ஏற்றிக்கொண்டு போய் கிளிநொச்சி ஆசுபத்திரியில் இறக்கினார். பிள்ளைக்கு ஊசி வழியாக உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். பொழுதுபட்டு வந்திருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டொக்டர் சொன்னார். கட்டிலருகே நானும் கணவரும் மாறி மாறி இருந்தோம். வசந்தா கண் விழித்து என் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். அந்த நோவை நான் ஆயுளுக்கும் மறக்கமாட்டேன்.

திரும்பி வந்தபோது அத்தான் மருத மரத்தடியில் பொங்கி, மீதிச் சூட்டையும் மிதித்து முடித்திருந்தார். எவ்வளவு நெல் வந்தது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அத்தானின் மனத்தை மாற்று என்று கேட்டேன். பிள்ளையார் என்னிலே தொடங்கினார். நான் கத்திக்கொண்டே இருந்திருந்தால், அன்று நான் பேசாமல் நின்றது யார் கண்ணிலும் பட்டிருக்காது. இப்போது கணவர் வயலால் வந்து கால் கழுவும்போதே, "இண்டைக்கு எத்தினை பயத்தைப் பிள்ளையார் வச்சிருக்கிறார்?" என்று கேட்பார். எனக்கும் சிரிப்பு வருகிறது. சொன்னால் எழும்பியும் வருகிறார்.

உங்கள் வீட்டிலும் பேச்சு முறிந்திருந்தால், மனம் தளராதீர்கள். உங்கள் பாரத்தைக் கேட்டுக் களைக்காத ஒருவர் இருக்கிறார். முதலில் அவரிடம் போங்கள். நம்பிப் போனவள் சொல்கிறேன்.

ஆனாலும் ஒன்று என்னைக் குடைகிறது. வயிற்றோட்டம் தொடங்கிய முதல் நாளே கணவரிடமும் அத்தானிடமும் சொல்லியிருக்க வேண்டுமோ? என் நேர்த்தியால் ஒரு நாள் பிந்தியதோ? இப்போது இரண்டாவது பிள்ளை தவழ்கிறான். சாமியிடம் சொல்லிவிட்டு ஒரு தாய் எவ்வளவு நேரம் பொறுத்திருக்கலாம்? பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய தாய்மாரே, உங்களுக்குத் தெரிந்தால் எனக்கு எழுதுங்கள்.