கெத்தினின் கதவு

கெத்தின் காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தான். அவன் இடது கை மடங்கியே இருக்கும். ஒன்றைப் பல்லில் கவ்விக்கொண்டு, மற்றதை வலது கையால் அதன்மேல் சுருட்டினான். நேரம் பிடித்தது. உதவட்டுமா என்று நான் கேட்கவில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கான விடுதிக் கல்லூரியில் படிப்பு முடிந்து அன்றுதான் ஸ்வான்சி நகரத்துக்குக் குடிவந்திருந்தான். பூட்டும் சாவியுமாக அவனுக்கென்று ஒரு வீடு, உள்ளேயே குளியலறை. சமையலறை மட்டும் பொது. ஒத்தாசைக்கு உதவிப் பணியாளர்களான நாங்கள் முறைவைத்து அடுத்த அறையில் இருப்போம். இப்படிப் பலரைக் குடியமர்த்தியிருக்கிறேன்.

அவன் அம்மா மென்னாவுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. ஒரு ராத்திரி பார்ப்பாளாம், சரிப்படாவிட்டால் திரும்பக் கூட்டிப்போய்விடுவாளாம். அவனுக்கு இங்கே இருக்கத்தான் ஆசை. என்னிடம் சொன்னான், அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

சாயங்காலம் ஆட்டிறைச்சி சூப்போடு போய்க் கதவைத் தட்டினேன். மென்னா பின்னாலேயே வந்தாள். பதில் இல்லை. உள்ளே டிவியில் ரக்பி. அவன் ஆட்டக்காரர் யாரையோ திட்டுவது நன்றாகவே கேட்டது. ஆபத்து என்றால் ஒழிய, அவன் வரச்சொல்லாமல் நாங்கள் நுழையக்கூடாது. மறுபடி தட்டினேன். சூப் ஆறியது.

"பாத்தீங்களா நெஸ்டா? பட்டினி கிடந்தாலும் கேக்கமாட்டான். காலையில கூட்டிட்டுப் போயிடறேன்" என்றாள் மென்னா.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கல்லூரியில் தட்டுகிற கையே கதவைத் திறந்துவிடும். பதில் சொல்ல வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை.

"கெத்தின், நீ வரச்சொன்னாத்தான் வருவேன். இல்லன்னா சூப்பை நானே குடிச்சிடுவேன்" என்றேன்.

டிவி சத்தம் குறைந்தது.

"நான் சொல்லணுமா?"

"ஆமா. உன் வீடு."

"வேணாம்னா?"

"போயிடுவேன்."

"அப்ப வாங்க. சூப்பைச் சூடு பண்ணிக் கொண்டாங்க."

மறுநாள் காலை மென்னா காலிப் பைகளோடு வந்து கைப்பிடியில் கை வைத்தாள். தட்டச்சொன்னேன். என்னை முறைத்துவிட்டுத் தட்டினாள்.

"யாரு?"

"அம்மாடா. கிளம்பலாமா?"

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.

"நான் வரலம்மா. இரு, காலுறை போட்டுட்டு வந்து திறக்கறேன்."

ஒரு கையால் போட வேண்டும். மென்னா பைகளை மடித்துக் கோட்டுப்பைக்குள் திணித்துக்கொண்டு, நடைவழியிலேயே நின்றாள். நான் போய் டீக்குத் தண்ணீர் வைத்தேன்.